மறைவு யார் கையில்?

துவாஸில் இரும்புப் பட்டறை நடத்திவரும் நண்பர் ஒருவர், சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் என் வீட்டிற்கு வந்திருந்தார். அவர் கையில் ஒரு மாதிரிப் புத்தகம் இருந்தது. தையற்கடையில் சட்டைத்துணி மாதிரி காட்டுவார்களே, அதைப் போன்றே இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவை துணிகளல்ல. சன்னல் கண்ணாடியின்மேல் ஒட்டுகின்ற பிலிம் துண்டுகள். பனி படர்ந்தாற்போல் வெளுத்திருந்தது ஒன்று. புகை பிடித்தாற்போல் கறுத்திருந்தது ஒன்று. முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல் பளபளத்தது மற்றொன்று. ஒன்றுமே ஒட்டாதது போலத் தெளிந்திருந்து, வெயிலின் சூட்டை மாத்திரம் தடுப்பதும் ஒன்றிருந்தது.

“வீட்டுக்கு ஒன்று, பட்டறை ஆபீசுக்கு ஒன்று வேண்டும். எது நல்லதென்று சொல்லுங்கள்” என்றார் நண்பர்.

அவர் குடியிருப்பது அடுக்குமாடி வீடு. சமையலறைச் சன்னலும் ஓர் அறையின் சன்னலும் பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு பார்வை உள்ளே போட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர் மனைவியார் பகலெல்லாம் சன்னலை அடைத்துவைத்து, வெந்த அறையில் சமைக்கிறார். பட்டறையின் விஷயம் வேறு. கீழே பதினெட்டுத் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். மேலே தட்டுக்கட்டி ஓர் ஆபீஸ்; அதிலிருந்து கீழே நோக்கும் பெரிய கண்ணாடி. முதலாளி தலை நிமிர்ந்தால் தொழிலாளருக்குத் தெரிகிறது. உடனே கைகள் விரைகின்றன. தலை குனிந்தால் அதுவும் தெரிகிறது, கைகள் தளர்கின்றன. இதுதான் அவருடைய குறை.

“இரண்டு இடத்துக்கும் இந்தப் பளபளப்புத்தான் சரியென்று படுகிறது. நாம் பார்க்கலாம், நம்மை யாரும் பார்க்க முடியாது. எல்லாம் பிரைவசிதானே?” என்றார்.

அந்த “எல்லாம் பிரைவசிதானே” என்னும் வார்த்தைதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. பிறர் கண்ணிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள விரும்புவது ஒன்று. பிறர் அறியாமல் பிறரைக் காண விரும்புவது மற்றொன்று. இரண்டும் ஒரே சுருளில் வெட்டி ஒரே விலைக்கு விற்கப்படுவதனாலேயே ஒன்றாகிவிடுமா?

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். தாழ்வாரத்தில் நடப்பவன் உள்ளே பார்க்கிறான் என்றால் தவறு யாருடையது? பார்த்தவனுடையதா, மறைக்காதவனுடையதா? நம்மவர்கள் இதற்குச் சட்டென்று விடை சொல்லிவிடுவார்கள்: “சன்னலைச் சாத்திவைப்பதுதானே!” இந்த விடையில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. வெந்து சாகிறவர் உள்ளே இருப்பவர். பார்த்தவனுக்கோ தலையைத் திருப்பிக்கொள்ளும் சிறு சிரமங்கூட இல்லை.

சிங்கப்பூரில் இக்கேள்விக்கு இரண்டு விடைகளும் இருந்திருக்கின்றன. 1999ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் புக்கிட் பாஞ்சாங்கில் இலகு ரயில் திறக்கப்பட்டது. ஓட்டுநரில்லாமல் மேற்பாலத்தில் ஓடும் வண்டி. பாதையோ அடுக்குமாடி வீடுகளின் படுக்கையறைச் சன்னல்களை ஒட்டியே சில இடங்களில் செல்கிறது. என்ன செய்தார்கள்? வீட்டுக்காரரைத் திரை போட்டுக்கொள்ளும்படி சொல்லவில்லை. வீடுகளை நெருங்கியதும் வண்டியின் சன்னல் கண்ணாடிகள் தாமே பனிபோல் வெளுத்து மறைந்துகொள்ளும்படியும், வீடுகளைக் கடந்ததும் தாமே தெளியும்படியும் அமைத்தார்கள். அதாவது, அயலார் வீட்டோரமாகப் போகிறவன் தன் கண்ணைத் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வண்டியின் நியாயம். சிறுபிள்ளைகள் அதை ஒரு வேடிக்கையாகக் கண்டு கைகொட்டுவார்கள். எனக்கோ, அது பெரியவர்களுக்கே ஒரு பாடமாகத் தோன்றியதுண்டு.

இதே ஊரின் சட்டமொன்றோ வேறு விதமாகப் பேசுகிறது. தன் வீட்டுக்குள்ளேயே ஒருவர் ஆடையின்றியிருந்து, அது வெளியிலிருப்போர் கண்ணில் படும்படி இருந்தால், அவர்மீதே குற்றம் சாட்டலாம். 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இங்கே மறைக்கும் கடமை வீட்டிலிருப்பவருடையது. ஒளிந்திருந்து பிறருடைய அந்தரங்கத்தைப் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் தனிக்குற்றமாக்கி, சிறையும் அபராதமும் பிரம்படியும் விதிக்க இடமளித்த திருத்தம் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. பார்க்கப்பட்டவரைக் கேட்கும் சட்டம் முந்திவந்து, பார்த்தவனைக் கேட்கும் சட்டம் பிந்திவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உலகத்தின் வழக்கமே அப்படித்தான் இருந்துவந்திருக்கிறது.

நிற்க. இவ்விடத்தில் ஓர் ஆட்சேபணை வரக்கூடும். “மறைவு, திரை, கோஷா என்பவற்றையெல்லாம் கிழித்தெறிய வேண்டுமென்று எழுதிவந்தவர்கள் சீர்திருத்தக்காரர்கள். இப்பொழுது நீரே திரைக்காக வாதாடுகிறீரே?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜெய்ப்பூரிலே 1799ஆம் ஆண்டில் ‘ஹவா மஹால்’ என்னும் மாளிகையைக் கட்டினார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சன்னல்கள் அதில் உண்டு. அரண்மனைப் பெண்கள் தெருவைப் பார்க்கலாம். தெரு அவர்களைப் பார்க்கலாகாது. இன்று அதைக் கண்டு வியக்கிறோம். அச்சன்னல்களுக்குப் பின்னிருந்த பெண்களை, “இந்தத் திரை உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டவர் யார்?

இதற்கு நேரெதிரான கதை நம் தென்கோடியிலேயே நடந்தது. திருவிதாங்கூரில் நாடார் குலத்துப் பெண்கள் தங்கள் மார்பை மேலாடையால் மறைக்கலாகாது என்று சாதி விதித்தது. மறைக்க முயன்றவர்களின் சீலை கிழிக்கப்பட்டது. பல்லாண்டுக் கலகத்திற்குப் பிறகு 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் ஓர் அறிவிப்பின் மூலம் மறைத்துக்கொள்ள அனுமதித்தார். அப்பொழுதும் மேற்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் அந்த அனுமதி கிடைத்தது. அதே தென்னாட்டில், திருநெல்வேலிப் பக்கத்துப் புரத வண்ணார் என்போர் பகலிலே பிறர் கண்ணில் படுவதே தீட்டென்று ஒதுக்கப்பட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் துணி வெளுத்துவிட்டு மறைந்துகொள்ள வேண்டியவர்களாக இருந்தார்கள் என்னும் செய்தி 1932ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை ‘ஹிந்து’ பத்திரிகையில் வெளிவந்தது. அம்பேத்கரும் அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஒருத்திக்கு மறைக்காதே என்று உத்தரவு. மற்றவனுக்கு மறைந்துகொள் என்று உத்தரவு. உத்தரவுகள் ஒன்றுக்கொன்று மாறானவை. உத்தரவிட்ட கையோ ஒன்றேதான். ஆதலால் திரை நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. அந்தத் திரையை இழுக்கும் கயிறு யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி. கோஷாவை எதிர்த்தவர்களும், தோள்சீலைக்காகப் போராடியவர்களும் கேட்டது ஒன்றையேதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நண்பருடைய மாதிரிப் புத்தகத்தைப் புரட்டினேன்.

பனி போன்ற பிலிம் நாணயமானது. ஒளியை உள்ளே விடும், உருவத்தை விடாது. வெளியிலிருப்பவன் என்னைக் காண்பதில்லை, நானும் அவனைக் காண்பதில்லை. இருவருக்கும் ஒரே நியாயம். பகலானாலும் இரவானாலும் அதன் குணம் பெரிதும் மாறுவதில்லை; இரவில் விளக்கெரியும்போது கண்ணாடியை ஒட்டி நின்றால் மாத்திரம் நிழலுருவம் தெரியும். குறை ஒன்றுண்டு: ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். திரைத்துணியைப் போலக் காலையில் திறந்து மாலையில் மூட முடியாது. அதனாலேயே கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மாத்திரம் ஒட்டி, மேற்பாதியை வானத்துக்கு விட்டுவிடுவது நலம். சீன வணிகர்களின் பழைய கடைவீடுகளில் ‘பிந்து பாகார்’ என்னும் அரைக்கதவு போட்டார்களே, அதுவும் இந்த யுக்திதான். காற்று வரும், கண் வராது.

பளபளக்கும் பிலிமைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், அதை வாங்குகிறவர்களில் பலர் அதன் குணத்தை அறியாமலே வாங்குகிறார்கள். பாலியெஸ்டர் என்னும் மெல்லிய தாளின்மேல் மிக நுண்ணிய அளவில் உலோகம் படிய வைத்துச் செய்வது அது. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். ஒரு பங்கை ஊடுருவ விடும். உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் அதற்குத் தெரியாது. வெளிச்சம், இருட்டு என்ற பேதந்தான் தெரியும். வெளியே வெயிலும் உள்ளே மங்கலுமாக இருக்கும் பகல் வேளையில், வெளியே நிற்பவன் தன் முகத்தையே அதில் காண்கிறான். உள்ளே இருப்பவனோ அவனைக் காண்கிறான். சூரியன் மறைந்து, வீட்டிலே விளக்கு எரிந்ததும் கதை தலைகீழாகிறது. இப்பொழுது உள்ளே இருப்பவன் தன் முகத்தைத்தான் காண்கிறான். தாழ்வாரத்து இருட்டில் நிற்பவனுக்கு வீடு முழுவதும் நாடகமேடை போலத் தெரிகிறது. இரவிலேயல்லவா மனிதன் அதிகமாக மறைவை வேண்டுகிறான்! பகலெல்லாம் மறைத்த பழக்கத்தினால் திரையையும் கழற்றிவிட்டவன் கதி என்ன? இதை நான் சொன்னபோது நண்பரின் முகம் சற்று வாடிற்று. வீட்டுக்குப் பனி பிலிமே போதுமென்று அப்பொழுதே ஒப்புக்கொண்டார்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனரின் பழைய அடகுக்கடைகளில் வாசலுக்கு உட்புறம் ஒரு பெரிய மறைப்புப் பலகை நிறுத்தியிருப்பார்கள். தெருவில் போகிற உறவினனோ அண்டை வீட்டானோ, உள்ளே தன் மனைவியின் வளையலை நீட்டிக்கொண்டு நிற்பவனைக் காணாதிருக்கும்பொருட்டு நிறுத்திய பலகை அது. வியாபாரி தன் லாபத்தை எண்ணித்தான் அதை வைத்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அது வந்தவனின் மானத்தைக் காத்தது. எளியவனுக்காக நிற்கும் மறைப்பு அது. இந்தியாவில் வேறொரு வகையைக் காண்கிறோம். அங்கே மோட்டார் வண்டிகளின் கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டலாகாதென்று 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டிக்குள் குற்றங்கள் மறைவாக நடக்கின்றன என்பது காரணம். அத்தீர்ப்பிலேயே ‘இசட்’, ‘இசட் பிளஸ்’ என்னும் மேல்தரப் பாதுகாப்புப் பெற்ற பெரிய மனிதர்களுக்கு விலக்கும் இருந்தது. உயிருக்கு ஆபத்துள்ளவர்கள் என்று அதற்கும் காரணம் சொல்லலாம். கறுப்புக் கண்ணாடி வண்டியைக் கண்டு தெருவில் நின்ற சாமானியனுக்கு அந்தக் காரணம் எவ்வளவு ஆறுதல் தந்ததோ!

இனிப் பட்டறைக்கு வருவோம். நண்பர் தம் யோசனை புதிதென்று எண்ணியிருந்தார். அது இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய யோசனை. ஜெரமி பெந்தம் என்ற ஆங்கில அறிஞரை நம்மில் படித்தவர்கள் அறிவார்கள். அவருடைய தம்பி சாமுவேல், ருஷ்ய சாம்ராஜ்யத்துக் கிரிச்சேவ் என்னும் ஊரில் தொழிற்சாலை வேலைகளை மேற்பார்த்துவந்தார். பல வேலையாட்களை ஒருவரே நடுவிலிருந்து கண்காணிக்கும்படி ஒரு கட்டடத்தை அவர் யோசித்தார். 1787ஆம் ஆண்டில் அங்கே சென்றிருந்த தமையனார் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, வட்டமான சிறைச்சாலையாக விரித்து எழுதினார். 1791ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. நடுவிலே காவலன் அறை. சுற்றிலும் கைதிகளின் அறைகள். காவலன் அறைச் சன்னல்களுக்கு மறைப்பு. கைதிக்குத் தன்னைக் காவலன் பார்க்கிறானா இல்லையா என்பது தெரியாது. தெரியாததனால் எப்பொழுதும் பார்ப்பதாகவே எண்ணி நடப்பான். ஒருவன் ஆயிரம் பேரை அடக்கலாம். அவன் அங்கே இல்லாமலே அடக்கலாம்!

சிறைச்சாலைக்கென்று உலகம் நினைவில் வைத்திருக்கிற இந்த யுக்தி ஒரு பட்டறையிலிருந்தே பிறந்தது என்பதை நண்பரிடம் சொன்னேன். “என் ஆட்கள் கைதிகளா? சம்பளம் கொடுக்கிறேனே” என்றார். சம்பளம் கொடுப்பது அவர்களுடைய உழைப்புக்கு. வேலையை மேற்பார்க்க முதலாளிக்கு உரிமையுண்டு. அதை நான் மறுக்கவில்லை. இரும்பை அறுக்கும் இடத்தில் மேற்பார்வை இல்லாவிட்டால் விரல்கள் போகும். ஆனால் பார்ப்பது வேறு, ஒளிந்து பார்ப்பது வேறு. பார்க்கிறவரைப் பார்க்க முடிந்தால், தொழிலாளி தலை நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்கலாம்; “முதலாளி, இந்த இயந்திரம் சரியில்லை” என்று கை காட்டலாம். பளபளக்கும் கண்ணாடியைப் பார்த்து யார் கை காட்டுவார்? அதில் அவனுக்குத் தெரிவது அவனுடைய முகந்தான். எட்டு மணி நேரமும் தன் முகத்துக்குப் பின்னால் யாரோ இருக்கிறார் என்ற எண்ணத்தோடு வேலை செய்கிறவனுக்கு வேலையில் கவனம் கூடுமா, அச்சம் கூடுமா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதைவிட வேறொரு விஷயம் என் மனத்தை உறுத்திற்று. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. சில மாதங்களுக்கு முன் காய்ச்சலாகக் கிடந்தார். அவரைப் பார்க்க துவாஸில் அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போயிருந்தேன். அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள் வரிசையாக நின்றன. கீழ்க்கட்டில் ஒவ்வொன்றிலும் கயிறு கட்டி ஒரு கைலியோ படுக்கை விரிப்போ தொங்கவிடப்பட்டிருந்தது. நான் வந்ததை அறிந்து அப்பிள்ளை கைலியை ஒதுக்கி, “உள்ளே வாங்கண்ணே” என்றார். உள்ளே என்பது கட்டிலின் மெத்தைதான். சாய்ந்து உட்கார ஓரிடம். தலைமாட்டில் மகளுடைய படம். ஒரு சிறு மின்விசிறி. அவ்வளவையும் ஒரு கைலி வீடாக்கியிருந்தது.

தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கூரையின்கீழ் வரிசையறைகள். கூரை வரை எட்டாத இடைச்சுவர். ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்கும் கேட்கும். புதிதாக மணமானவர்கள் அறைக்குள்ளே பழைய சேலையைக் குறுக்கே கட்டித்தான் குடும்பம் நடத்தினார்கள். “கூலிக்கு என்ன மறைவு?” என்று அன்றைக்குக் கட்டினவன் நினைத்தான். அந்தச் சேலைதான் இடம்பெயர்ந்து இன்று கைலியாகத் தொங்குகிறதோ என்று எனக்குத் தோன்றிற்று.

மாறுதல் இல்லையென்று சொல்லமாட்டேன். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் விடுதிகளில் பரவி, ஆட்கள் வாரக்கணக்கில் அறைகளுக்குள்ளேயே அடைபட்டிருந்த பிறகு, நெருக்கடியின் தீமை எல்லாருக்கும் தெரிந்தது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில், புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாதென்றும், ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டுமென்றும் அரசாங்கம் அறிவித்தது. பழைய விடுதிகள் 2030ஆம் ஆண்டுக்குள் அறைக்கு 12 பேர், ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற அளவுக்காவது வரவேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் சொல்லப்பட்டது. 3.6 சதுர மீட்டர் என்பது சுமார் 39 சதுர அடி. ஆறுக்கு மூன்றடிக் கட்டில் ஒன்று அதில் 18 அடியைத் தின்றுவிடும். மூச்சுக்கு இடம் அளந்துவிட்டார்கள், நல்ல காரியம். மறைவுக்கு அளவுகோல் இன்னும் எவரும் செய்யவில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போகிறவர்கள் புல்தரையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, கைத்தொலைபேசியைக் கன்னத்தோடு அணைத்து, வாயைக் கையால் மறைத்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். மறுமுனையில் மனைவி இருப்பாள், குழந்தை இருக்கும். துவாஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து, நகரத்தின் நட்ட நடுவில், ஆயிரம் பேர் நடுவில் வந்தா மனைவியோடு தனியாகப் பேச வேண்டும்? ஆம். அறையிலிருக்கும் பதினோரு பேரும் பெயர் தெரிந்தவர்கள். புல்தரையிலிருக்கும் ஆயிரம் பேரும் முன்பின் அறியாதவர்கள்.

இவ்வளவையும் நண்பரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். தேநீருக்கு நடுவே கொஞ்சம், வாசலில் செருப்பு மாட்டும்போது கொஞ்சமாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பட்டறைக்குப் பளபளப்பு பிலிமையே ஒட்டிவிட்டார்! முதலாளிமார் யோசனை கேட்பது பெரும்பாலும் தங்கள் முடிவுக்குச் சாட்சி தேடித்தான்.

மூன்று வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். அவசர வேலையாக ஓரிரவு பட்டறை ஓடியிருக்கிறது. கீழே ஒரு மூலையில் மாத்திரம் வேலை, அங்கே மாத்திரம் விளக்கு. மேலே ஆபீசில் நான்கு குழல்விளக்குகளும் எரிந்தன. விடியற்காலையில் அந்தப் புதுக்கோட்டைப் பிள்ளை தேநீர் கொண்டுபோய் வைத்து, “முதலாளி, கழுத்து வலிக்குதா? ராத்திரி மேசைமேலேயே தலை வைச்சுத் தூங்கிட்டீங்களே” என்று பரிவோடு கேட்டிருக்கிறார். நண்பருக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்ததாம். பிறகு நான் சொன்ன வெளிச்சமும் இருட்டும் நினைவுக்கு வந்து, தனியே உட்கார்ந்து சிரித்தாராம்.

பிலிமை நீராவி காட்டி உரித்தெடுத்துவிட்டு, ஆபீஸ் கண்ணாடிக்கு இழுத்து மூடும் திரைத்துணி ஒன்று போட்டிருக்கிறார். கணக்குப் பார்க்கும்போது மூடுகிறார்; மற்ற வேளையில் திறந்துவைக்கிறார். கட்டிலுக்குக் கட்டில் ஒழுங்காகக் கம்பி வைத்துத் துணி மாட்ட விடுதிக்காரர் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுதியிருப்பதாகவும் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. பதினெட்டுப் பேருக்கும் துணிக்கு என்ன ஆகும் என்று தேக்காவில் விசாரித்து வைக்கும்படி என்னிடமே ஒப்படைத்திருக்கிறார். அப்பிள்ளையிடம் எந்த நிறம் வேண்டுமென்று கேட்டேன். “வெளிச்சம் உள்ளே தெரியாத நிறமா இருக்கட்டும்ணே, ராத்திரி வேலைக்குப் போறவங்க பகல்லே தூங்கணும்ல” என்றார்.